முதலில் யாரைப் பார்த்தாள்

கோகிலவாணி முதலில் பார்த்தது ஹேமாவைத்தான். அடுப்படிச் சன்னலுக்கு வெளியே ஐம்பதடி தூரத்தில் ஏரி வெயிலில் பளபளத்துக் கிடந்தது, இடுப்பளவு தண்ணீரில் கோகிலாவின் மகன் அகிலன் குனிந்து நின்றிருந்தான், இரண்டு கைகளும் முழங்கை வரை தண்ணீருக்குள் இருந்தன, எதையோ துழாவுகிறான் என்றுதான் நினைத்தாள், செருப்பு கிருப்பு மிதந்து போயிருக்கும் என்று, அப்புறம்தான் அந்தக் கைகளுக்குக் கீழே ஒரு ஆரஞ்சு டவுசர் தெரிந்தது, ஒரு சின்ன முதுகு தெரிந்தது, யுகேஷ், ஹேமாவின் பையன், ஏழு வயது, இரண்டு கால்களும் தண்ணீரை அடித்தன, நுரை எழும்பியது, அகிலன் கையை எடுக்கவில்லை. அந்த நேரத்தில் கோகிலா தலையைத் திருப்பி, பக்கத்தில் நின்று கோழிக்கு மசாலா பிசைந்துகொண்டிருந்த ஹேமா பார்த்துவிட்டாளா என்று பார்த்தாள். ஹேமா பார்க்கவில்லை. "உப்புப் போட்டேனாடி நானு?" என்றாள். "போட்டே" என்றாள் கோகிலா. அதற்கப்புறம்தான் திரும்பவும் வெளியே பார்த்தாள். யுகேஷ் மேலே வந்திருந்தான். வாயைத் திறந்து திறந்து மூடினான், சத்தம் இங்கே வரை வரவில்லை, இரண்டு கையாலும் முகத்தை வழித்தபடி கரைக்கு நடந்தான், நடக்கும்போதே ஒருமுறை விழுந்தான். அகிலன் தண்ணீரிலேயே நின்று, முதலில் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஆண்களைப் பார்த்தான், அப்புறம் வீட்டைப் பார்த்தான். கோகிலா சட்டென்று குனிந்துகொண்டாள். எதற்குக் குனிந்தாள்? பச்சடிக்கு வெள்ளரிக்காய் துருவிக்கொண்டிருந்தவள், தட்டில் விழுந்த துருவலையே பார்த்துக்கொண்டு, காய் தீர்ந்து விரல் நகம் கரகரக்கும் வரை துருவினாள். நிமிர்ந்தபோது அகிலன் கரையில் இருந்தான், யுகேஷின் தோளில் துண்டைச் சுற்றிவிட்டு அவன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான். "அங்க பாருடி" என்றாள் ஹேமா, மசாலாக் கையோடு சன்னலைக் காட்டி. "பெத்த தாய் நானு இங்க கோழியப் பிசையறேன், உன்ற பையன் அவனைத் துவட்டி விடறான். தங்கம்டி உன்ற பையன்."

எவ்வளவு நேரம் இருக்கும், அதுதான் முதலில் தெரிய வேண்டும், ஐந்து நொடி என்றால் விளையாட்டு, தண்ணீரில் இறங்கிய பையன்கள் ஒருத்தனை ஒருத்தன் அமுக்காமல் இருப்பார்களா, ஐந்து நொடிதான் இருக்கும், ஆனால் "உப்புப் போட்டேனா" என்று கேட்டு "போட்டே" என்று சொல்வதற்கே மூன்று நொடி ஆகும், அதற்கு முன்னால் அவள் பார்த்தது கொஞ்ச நேரம், அவள் பார்ப்பதற்கு முன்னால் எவ்வளவு நேரம் என்று யாருக்குத் தெரியும். ஏன் கத்தவில்லை. "டேய்" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் ஏரிக்கரை முழுக்கக் கேட்டிருக்கும், வீட்டில் அவள் சத்தம் போட்டால் மூன்றாவது மாடிக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள், அப்படிப்பட்ட தொண்டை. வரவில்லை. இல்லை, வரவில்லை என்று சொல்வது பொய், அவள் அதை வரவிடவில்லை. கத்தினால் ஹேமா பார்த்துவிடுவாள். பார்த்துவிட்டால் பதினேழு வருடம் போய்விடும். கோயமுத்தூரில் ஹாஸ்டலில் ஒரே அறையில் தொடங்கிய சிநேகம், ஹேமாவுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது இவள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்ததும், இவளுக்கு இரண்டாவது பிள்ளை தங்காமல் போனபோது ஹேமா பத்து நாள் வந்து கூடப் படுத்துக்கொண்டதும், இரண்டு பேருடைய புருஷன்மாரும் ஆளுக்கொரு கட்சியாக இருந்தும் ஒரே வண்டியில் திருப்பதி போய் வந்ததும். இந்த ஆயுதபூஜைக்கு மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வருகிறது என்று சித்திரையிலேயே காலண்டரைப் பார்த்துக் கண்டுபிடித்தவள் ஹேமாதான். பொள்ளாச்சி தாண்டி மலையடிவாரத்தில் ஏரியை ஒட்டின வீடு, நான்கு அறை, மாடி, அடுப்படியில் நின்றபடியே தண்ணீரைப் பார்க்கலாம் என்று படம் அனுப்பினதும் அவள்தான். "சமைச்சுக்கிட்டே பசங்களப் பாத்துக்கலாம் பாருடி" என்று எழுதியிருந்தாள். மேலே மாடியில் ஹேமாவின் நாத்தனார் குடும்பம், கைக்குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு அவர்களும் தூங்கினார்கள். மரத்தடியில் இரண்டு ஆண்கள், கோகிலாவின் புருஷன் மோகன், ஹேமாவின் வீட்டுக்காரர் சிவக்குமார், பசங்களைப் பார்த்துக்கொள்ளத்தான் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். பார்க்கவில்லை. பார்த்தது அவள் ஒருத்திதான். அவள் பார்க்காமல் இருந்திருந்தால் நடக்காததாகவே ஆகியிருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது, அந்த நினைப்பு வந்ததற்காகவே தன்மேல் அருவருப்பாக இருந்தது, இருந்தும் அது போகவில்லை, ஈ மாதிரி சுற்றிச் சுற்றி வந்து உட்கார்ந்தது.

கோழி வெந்த வாசனை வீடெங்கும் பரவியது. தட்டங்களைக் கழுவினாள், கழுவின தட்டங்களையே திரும்பக் கழுவினாள். அவன் கெட்ட பையன் இல்லையே. பள்ளிக்கூடத்தில் ஒரு புகார் கிடையாது, அடுத்தவன் பென்சிலைத் தொடமாட்டான், பஸ்ஸில் கிழவிகளுக்கு எழுந்து இடம் கொடுப்பான், பத்து வயதுப் பையன் இவ்வளவு பதவிசாக இருக்கிறானே என்று கேட்காதவர்கள் இல்லை. ஆனால் அந்தத் துண்டு. அமுக்கினதைவிட அந்தத் துண்டைத்தான் அவளால் ஒதுக்க முடியவில்லை. ஏனென்றால் அது என்னவென்று அவளுக்குத் தெரியும். இந்த உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். அவளுக்கு ஒன்பது வயதில் தம்பி பிறந்தான், தொட்டிலில் போட்டிருப்பார்கள், எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த மத்தியான வேளையில் அவள் தொட்டில் சேலைக்குள் கையை விட்டு, தொடையில், மடிப்பு விழும் இடத்தில், தடம் தெரியாத இடத்தில், கிள்ளுவாள். ஒரு நொடி சத்தமே வராது, வாய் மட்டும் சதுரமாகத் திறக்கும், அந்த ஒரு நொடி, அதற்கப்புறம் வீல் என்று கத்துவான். அவள் உடனே தூக்கிக்கொள்வாள். தோளில் போட்டுத் தட்டுவாள். சாமி, கண்ணு, அழாதடா, அக்கா இருக்கறேன் என்று சொல்வாள். அவன் விம்மி விம்மி அவள் கழுத்தையே கட்டிக்கொண்டு அடங்குவான். அம்மா தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்து, "என்ற மகளுக்கு எத்தனை பொறுப்பு" என்பாள். எத்தனை நாள் செய்தாள், ஒரு மாதமா, ஒரு கோடைகாலம் முழுக்கவா. அப்புறம் நின்றுவிட்டது, ஏன் நின்றது என்றும் தெரியவில்லை, யாரும் கண்டுபிடிக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. மோகனிடம்கூடச் சொன்னதில்லை. தம்பி இப்போது ஓசூரில் இருக்கிறான், அக்கா என்றால் உயிர் அவனுக்கு. ரத்தத்தில் போகுமா இதெல்லாம். மூக்கு போகிறது, சுருட்டை முடி போகிறது, இதுவும் போகுமா. இல்லை, அவள் ஒருநாளும் யாரையும் மூச்சு முட்ட வைத்ததில்லை. அது வேறு, இது வேறு. எப்படி வேறு? ஹேமா பின்னால் வந்து அவள் இடுப்பில் இடித்து, "எந்த ஊருக்குடி போயிட்டே, குழாய மூடு" என்றாள்.

சாப்பாட்டுக்குக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். அகிலன் தானாகவே எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினான். யுகேஷ் சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தான். அவன் கண் சிவந்திருந்தது. தண்ணீரில் ஆடினால் எல்லோர் கண்ணும் சிவக்கத்தான் செய்யும், அகிலனுக்கும்கூடச் சிவந்துதான் இருந்தது. "அம்மா, மூக்குக்குள்ள எரியுது" என்றான் யுகேஷ். கோகிலாவின் கையில் இருந்த கரண்டி நின்றுவிட்டது. "தண்ணி குடிச்சிருப்பே" என்றாள் ஹேமா. "அண்ணன் சொல்றபடி கேட்டு ஆடோணும். கேட்டியா?" யுகேஷ் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான், ஏதோ சொல்லப் போகிறான், சொல்லட்டும், சொல்லிவிட்டால் போதும், அவன் சொல்லிவிட்டால் இவள் சொல்ல வேண்டியதில்லை, சின்னப் பையன் சொல்கிறான் பெரிதுபடுத்தாதே என்று யாராவது சொல்வார்கள், அதோடு போய்விடும், சொல்லடா சாமி, சொல்லாதேடா. அகிலன் யுகேஷின் டம்ளரில் தண்ணீரை நிறைத்து அவன் பக்கம் நகர்த்தினான். யுகேஷ் தலையைக் குனிந்து, "கேட்டேன்" என்றான். கோகிலா அவன் தட்டத்தில் இன்னொரு கோழித்துண்டு வைத்தாள், நல்ல தொடைத்துண்டாகப் பார்த்து, நெய்யும் விட்டாள், தன் கை செய்வதைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ எப்பவும் என்ற பையனுக்குத்தான் மொதல்ல வெப்பா" என்று ஹேமா தன் புருஷனிடம் பெருமையாகச் சொன்னாள். சிவக்குமார் சிரித்தார். மூணு மணிக்குப் பரிசல்காரர் வருகிறார், நடுவில் இருக்கிற திட்டுக்குப் பசங்கள் மட்டும் போய்வரட்டும், அங்கே கொக்குக்கூடு இருக்கிறதாம் என்றார் மோகன். "நான் போகல" என்றான் யுகேஷ். "ஏண்டா? அகில் அண்ணன் கூடவே இருக்கான்ல, என்ன பயம் உனக்கு?" என்றாள் ஹேமா.

கைகழுவும் இடத்தில் மோகனைப் பிடித்தாள். "ஏனுங்க, காலைல தண்ணிக்குள்ள அகிலு யுகேஷ அமுக்கிப் புடிச்சான். நான் பாத்தேன்." மோகன் வாய் கொப்பளித்துத் துப்பினார். "பசங்கன்னா அமுக்கத்தான் செய்வாங்க. நானெல்லாம் எங்க ஊர்க் கிணத்துல எத்தன பேர அமுக்கியிருக்கேன்." "இது அப்படி இல்லீங்க. விடவே இல்ல." "வுட்டானா இல்லையா? அவன் உக்காந்து சோறு திங்கறான்ல?" துண்டில் கையைத் துடைத்தார். "நீ எதையாச்சும் உளறி ஹேமா மனசக் கெடுத்துராத. மூணு நாள் நிம்மதியா இருக்கலாம்னு வந்திருக்கோம்." அவள் முகத்தைப் பார்த்தவர் கொஞ்சம் தணிந்து, "நான் வேணா அவனக் கூப்புட்டுச் சொல்றேன், போதுமா?" என்றார். சொல்லமாட்டார். அவர் கெட்டவர் இல்லை, மறந்துபோவார், பரிசலைப் பார்த்ததும் மறந்துபோவார். அவர் சொன்னதில் அவளுக்கு ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது, பெரிய மனிதர் ஒருவர் விளையாட்டுதான் என்று சொல்லிவிட்டார், இனி அது அவருடைய பொறுப்பு. அந்த நிம்மதி கூடத்தைத் தாண்டுவதற்குள் தீர்ந்துபோயிற்று, ஏனென்றால் கூடத்து மூலையில் யுகேஷ் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான், தூங்கவில்லை, மூக்கைத் தொட்டுத் தொட்டு விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அகிலனை வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த்தொட்டி ஓரம், கொடியில் ஈரத்துணி காயும் இடத்துக்குக் கூட்டிப்போனாள். கேட்கும்போது குரலை உயர்த்தக்கூடாது என்று வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தாள். "காலைல யுகேஷ என்ன பண்ணுனே?" "விளையாண்டோம்." "தலைய அமுக்கினியா?" அவன் கொடியில் தொங்கிய துண்டின் நுனியைப் பிழிந்தான், ஒரு சொட்டு விழுந்தது. இல்லை என்று சொல்லட்டும், அழட்டும், அவன்தான் முதலில் அடித்தான் என்று பழி போடட்டும், எல்லாப் பையன்களும் சொல்வதில் ஒன்றைச் சொல்லட்டும் என்று அவள் காத்திருந்தாள். "நீ பாத்தியாம்மா?" என்று கேட்டான். "பாத்தேன்." அவன் கொஞ்சம் யோசித்தான். "ஹேமா ஆன்ட்டி பாத்தாங்களா?" கோகிலாவுக்குக் காதுக்குள் ஒரு இரைச்சல் எழுந்தது, தொட்டியில் தண்ணீர் ஏறும் சத்தமா, தலைக்குள்ளேயா, தெரியவில்லை. அவளுடைய கேள்வி அது. சன்னலில் நின்று அவள் மனசுக்குள் கேட்ட அதே கேள்வி, அதே வரிசையில், அவன் வாயிலிருந்து வந்தது. "இல்ல" என்றாள். அவனுடைய தோள் இறங்குவதைப் பார்த்தாள், மூச்சு விட்டான். "எதுக்குடா அப்படிப் பண்ணுனே?" "சும்மாதான். இருபது எண்ணலாம்னு நெனச்சேன். பதிமூணுலயே கால ரொம்ப உதைச்சான். வுட்டுட்டேன்." வீட்டுப்பாடம் ஒப்பிக்கிற குரல். அப்புறம் அவள் முகத்தில் எதைப் பார்த்தானோ, "செத்துருவானாம்மா?" என்று கேட்டான், கேட்கும்போதுதான் அவன் உதடு முதல்முறையாக நடுங்கியது. அவனுக்கே பயமாக இருக்கிறது, அவனுக்கே தெரியவில்லை, காலையிலிருந்து இதை உள்ளே வைத்துக்கொண்டுதான் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினானா. அள்ளிக் கட்டிக்கொள்ளக் கை எழுந்தது. கட்டிக்கொண்டால் இது இங்கேயே முடிந்துவிடும், தொட்டிக்கும் கொடிக்கும் நடுவில், இரண்டு பேருக்குள்ளே, அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து ஒரு ரகசியத்தை வளர்க்கலாம், அவன் பெரியவனாகி ஓசூரிலோ அமெரிக்காவிலோ இருப்பான், பதவிசானவன் என்று எல்லோரும் சொல்வார்கள், அவனுக்கு மட்டும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியும். முன்பக்கம் யாரோ, "பரிசல் வந்துருச்சு, வாங்க வாங்க" என்று கூப்பிட்டார்கள்.

கரைக்கு நடக்கும் வழி ஐம்பதடிதான் இருக்கும். ஹேமா மண்டி போட்டு யுகேஷுக்கு மிதவைச் சட்டையின் பட்டைகளை மாட்டிக்கொண்டிருந்தாள், அவன் அம்மாவின் சுடிதாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வேண்டாம், வேண்டாம்" என்று சன்னமாகச் சொல்லிக்கொண்டே இருந்தான், அடம் பிடிக்கிற சத்தம் இல்லை அது, ஏற்கெனவே தோற்றுப்போனவனின் சத்தம். பரிசல்காரர் துடுப்பை ஊன்றி நின்றார். மோகன் போனில் படம் பிடித்தார். சொல்ல வேண்டாம், பையனை மட்டும் நிறுத்திவிடலாம், காய்ச்சல் அடிக்கிறமாதிரி இருக்குடி, வெயில்ல அனுப்பாதே என்று சொன்னால் போதும், ஹேமா கேட்பாள். இன்றைக்குப் போதும். நாளைக்கு? நாளைக்கும் இதே ஏரி, இதே தண்ணீர். ஊருக்குப் போனபின் ஞாயிற்றுக்கிழமை இவர்கள் வீட்டு மாடியில் இரண்டு பேரும் விளையாடுவார்களே, அப்போது? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் சன்னலில் நிற்பாளா? "அகிலு, இங்க வா கண்ணு, அண்ணன் கையப் புடிச்சுக்கடா யுகேஷு" என்று ஹேமா இவள் மகனுக்குக் கை நீட்டினாள்.

"ஹேமா, அனுப்பாத" என்றாள் கோகிலா. வீட்டில் மூன்றாவது மாடிக்குக் கேட்கிற குரல் இப்போது வந்தது. "காலைல அகிலன் உன்ற பையன் தலையத் தண்ணிக்குள்ள அமுக்கிப் புடிச்சான். விளையாட்டு இல்ல. நான் சன்னல்ல இருந்து பாத்தேன்."

மோகன், "ஏய் கோகி" என்றார். போனைத் தாழ்த்தினார்.

ஹேமா சிரிக்கப் பார்த்தாள், உதடு அதற்கு ஒத்துழைக்கவில்லை. "எப்ப?"

"நீ உப்புப் போட்டேனான்னு கேட்டப்ப."

ஹேமாவின் கை பட்டையிலேயே நின்றது. அவள் அந்த நேரத்துக்குத் திரும்பிப் போவது முகத்தில் தெரிந்தது, அடுப்படி, மசாலா, சன்னல், துண்டு, பாய், தொடைத்துண்டு, நெய், ஒவ்வொன்றாகக் கடந்து இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தாள். "பாத்துட்டா போட்டேன்னு சொன்னே?"

"ஆமா. நீ பாத்துட்டியான்னுதான் மொதல்ல பாத்தேன். அப்புறந்தான் அவனப் பாத்தேன்."

ஹேமா மாட்டின பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மிதவைச் சட்டையை மண்ணில் வைத்துவிட்டு, யுகேஷின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்தி, மூக்கு, கண், காது என்று பார்த்தாள். "சொல்லக்கூடாதாடா சாமி?" என்றாள். "மூக்கு எரியுதுன்னு சொன்னேனே" என்றான் யுகேஷ். அதைக் கேட்டதும் அவள் அவனைத் தூக்கிக்கொண்டாள், ஏழு வயதுப் பையனை இடுப்பில் வைத்துத் தூக்குவது லேசில்லை, தடுமாறினாள், சிவக்குமார் தாங்கப்போனார், தரவில்லை. வீட்டுப் படியேறும்போது கோகிலாவைத் திரும்பிப் பார்த்தாள், திட்டப்போகிறாள் என்று கோகிலா நினைத்தாள், திட்டினால் தேவலை. "அவனும் கொழந்தைதான்" என்றாள் ஹேமா. "நீ?" அதற்குமேல் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அரைமணி நேரத்தில் ஹேமா வீட்டுப் பெட்டிகள் வண்டியில் ஏறின. மாடியில் கைக்குழந்தை அழுதது, நாத்தனார் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே படியிறங்கினாள், வண்டி பின்வாங்கித் திரும்பிக் கல்பாதையில் போனது. மோகன் மரத்தடியில் நின்று, "எல்லாரு முன்னாடியும் பெத்த பையன இப்படிச் செய்வியா நீ" என்று கேட்டுவிட்டு, பையனைப் பார்த்துக் கையை ஓங்கினார். கோகிலா நடுவில் போய் நின்றாள். "அடிச்சா அழுவான், அழுதா முடிஞ்சுரும். முடிய வேண்டாமுங்க" என்றாள். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, கை இறங்கியது. காலணியை மாட்டிக்கொண்டு கல்பாதைப் பக்கம் நடந்தார்.

பரிசல்காரர் இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தார். "ஏனுங்கம்மணி, போறாப்லயா, பரிசலக் கட்டிப்போட்டறட்டுமா?" என்றார். "கட்டிருங்க" என்றாள். அகிலன் தண்ணீர் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மண் ஈரமாக இருந்தது, சேலை நனைந்தது. வெயில் எதிர்க்கரை மலைமேல் ஏறியிருந்தது, ஏரியில் பாதி நிழலாகவும் பாதி வெளிச்சமாகவும் இருந்தது, திட்டிலிருந்து இரண்டு கொக்குகள் எழுந்து வேறு பக்கம் போயின. இனி என்ன, ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும், எந்த டாக்டர், யாரிடம் கேட்பது, ஹேமாவிடம்தான் இதையெல்லாம் கேட்பாள். ஓசூரில் தம்பிக்கு ஒரு போன் பண்ண வேண்டும், எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு.

"இனி அவங்க நம்மகூடப் பேசமாட்டாங்களா?"

"தெரியலடா."

"நீ?"

"நான் பேசுவேன். நீயும் பேசோணும். எல்லாத்தையும். மொதல்ல இருந்து சொல்லு."

அவன் விரலால் மண்ணில் கோடு போட்டான், தண்ணீர் வந்து அதை அழிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா அவன முதுகுல ஏத்திக்கிட்டு ஆழத்துக்குப் போனாரு" என்று தொடங்கினான். "திரும்பி வந்ததும் நானுன்னு கேட்டேன். நீ கனம்டான்னு சொன்னாரு." அதோடு நின்றான். அவளுக்கு அய்யோ என்று இருந்தது, இதற்கா, இதற்குத்தானா, இவ்வளவுதானா என்று பிடித்துக்கொள்ள மனம் பறந்தது, பிடித்துக்கொள்ளவில்லை. "அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் தண்ணி சில்லுனு இருந்துச்சு" என்றான் அகிலன். "அவன் சிரிச்சுட்டே என் பக்கத்துல வந்தான்." அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தாள்.